தண்ணியப் பத்தித்தான் கேட்டா

வா தாயி, உள்ள வா. அந்தச் சேருல உக்காராத, அதுக்கு ஒரு காலு ஆட்டம். இங்கிட்டுப் பாயில உக்காரு, ஃபேன் காத்து இங்கதான் வரும். உன்னய நீன்னு சொல்லலாம்ல? எனக்குன்னு ஒரு மக இருந்திருந்தா உன் வயசுதான் இருக்கும். தப்பா எடுத்துக்கிட மாட்ட, மொகத்தப் பாத்தாலே தெரியுது.

கழுத்துல அட்டை, தோள்ல பையி, கையில அந்தப் பலகை மாதிரி கம்ப்யூட்டரு. நீ தெருவுல திரும்பும்போதே தெரிஞ்சுபோச்சு, சர்வே எடுக்க வந்த புள்ளன்னு. உங்க ஆளுகள எனக்குத் தெரிஞ்ச மாதிரி இந்தத் தெருவுல யாருக்கும் தெரியாது. போன தடவையும் எங்க வீட்டத்தான் எடுத்தாக. இந்தத் தடவையும் எங்க வீடுதானாக்கும். சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி கம்ப்யூட்டரே எடுக்குதுன்னு சொல்லுறீக. ஊருல எம்புட்டு வீடு கெடக்கு, அதுக்குச் சீனியம்மா வீடுதான் கண்ணுல படுது போல.

கேளு. வீட்டுல எத்தன பேரா? நானு, மகன் முனீசு, மருமக வளர்மதி, தொட்டில்ல தூங்குதே அது பேத்தி. நேத்து ராத்திரி இங்க படுத்தது இதே நாலு பேருதான். ஃபேன் இருக்கு, டிவி இருக்கு, மிக்சி இருக்கு, கிரைண்டர் ரிப்பேரு. இருக்குன்னு எழுதுவியோ இல்லன்னு எழுதுவியோ, உன் பாடு. கக்கூஸ் பின்னால. குடிக்கிற தண்ணி எங்கிருந்தா? அந்தா வாசல்ல பைப்பு. போரும் போட்டிருக்கோம். குடம் தூக்கிக்கிட்டு அலையிற வேலயே இந்த வீட்டுப் பொம்பளைகளுக்குக் கெடையாது. அத நல்லா எழுதிக்க.

என்ன, அம்புட்டுத்தானா எனக்கு? இனிமே மருமககூடத் தனியாப் பேசணுமா?

பேசலாம். யாரு வேணாம்னா. ஏ வளர்மதி, இங்கிட்டு வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ. பாத்தியா, இம்புட்டு வெயில்லயும் துண்டப் போத்திக்கிட்டுத்தான் நிப்பா. குளிர்ச்சி உடம்பு அவளுக்கு. பேச்சும் கம்மி. கேட்டா ஒரு வார்த்த, கேக்காட்டி அதுவும் இல்ல.

ஆனா மொதல்ல நான் பேசணும் தாயி. உங்க ஆளுக மேல எனக்கு ஒரு வழக்கு இருக்கு. யாருகிட்டப் போயிச் சொல்றதுன்னு தெரியாம அஞ்சாறு வருசமா நெஞ்சுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருக்கேன். நீயா வந்து மாட்டிக்கிட்ட. அதக் கேட்டுட்டுப் பெறகு உன் கேள்வியெல்லாம் அவகிட்டக் கேளு.

ஒரு நிமிசம், மகனுக்கு ஒரு போனப் போட்டுறேன். வீட்டுக்கு யாரு வந்தாலும் அவனுக்குச் சொல்லிறணும், அப்படிச் சொல்லி வச்சிருக்கான். எடுக்க மாட்டேங்கான். லோடு ஆட்டோ ஓட்டுறான்ல, வண்டியில இருப்பான். பாத்துட்டுக் கூப்புடுவான்.

எங்க விட்டேன்? ஆங், வழக்கு.

போன தடவ உங்க ஆளுக வரும்போது இந்த வளர்மதி இல்ல. அப்ப இருந்தவ நாகஜோதி. என் மூத்த மருமக. மூத்தவன்னா, எனக்கு ஒரே மகன்தான். அவனுக்கு மொதத் தாரம். காரியாபட்டிப் பக்கம். பொண்ணு பாக்கப் போனப்பவே அவ வாயி ஓயல. காப்பியக் குடுத்துட்டு உள்ள போறவ, "அத்தே, சீனி பத்துதா?"ன்னு கேட்டா. பொண்ணுபாக்க வந்த எடத்துல எவளாவது கேப்பாளா? எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. எனக்குப் பிடிச்சுப்போனதே அந்த வாயிதான்.

வந்த புதுசுல வீடே கலகலன்னு இருந்துச்சு. பஸ்ஸுல வர்ற கண்டக்டர் மாதிரி விசில் அடிச்சுக் காட்டுவா. டிவியில ஓடுற நாடகத்த நான் பாக்காம தூங்கிட்டா, மறுநா வெங்காயம் உரிச்சுக்கிட்டே அம்புட்டையும் நடிச்சுக் காட்டுவா. எனக்குத் தலைக்கு எண்ணெ வச்சு விடுவா. நானும் அவளுக்கு வச்சு விடுவேன். மருமகளுக்கு மாமியா எண்ணெ தேச்சு விட்டத இந்தத் தெருவுல யாராவது பாத்திருக்காகளா, கேட்டுப்பாரு. நான் தேச்சேன்.

பெறகு கொஞ்சங் கொஞ்சமா அவளுக்கு அடக்கம் வந்திருச்சு. ரெண்டாவது வருசம் விசிலு நின்னுச்சு. அதுக்கடுத்த வருசம் அவ வீட்டுல இருக்காளா இல்லயான்னே தெரியாது, அம்புட்டு அமைதி. கல்யாணம் ஆனா எல்லாருக்கும் அப்படித்தான. நானும் ஒரு காலத்துல வாயாடிதான், நம்புவியா? தெருவே சொன்னுச்சு, சீனியம்மா மருமகளப் போல உண்டான்னு. எனக்குப் பெருமைதான்.

அந்த நேரத்துலதான் உங்க ஆளுக வந்தாக. மொதல்ல ரெண்டு பேரு வந்து, ஒவ்வொரு வீட்டுச் செவத்துலயும் சாக்பீசுல நம்பரு போட்டு அம்புக்குறி போட்டுட்டுப் போனாக. பெறகு ஒரு வாரம் கழிச்சு, இன்ன இன்ன வீடுன்னு எடுத்துக்கிட்டு எஸ்தர்னு ஒரு புள்ள வந்துச்சு. திண்டுக்கல் பக்கம். ஒல்லியா, கண்ணாடி போட்டு, உன்ன மாதிரியே பையத் தூக்கிக்கிட்டு. தெருவுல எங்க வீடும், எதித்த வீட்டு ராமுத்தாயி வீடும், அங்கிட்டு மூலையில ரெண்டு வீடும் எடுத்திருந்தாக. நான் நெனச்சேன், சர்க்கார்ல ஏதோ குடுக்கப் போறாகன்னு. பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போதுகூட அந்த நம்பர அழிக்க விடாம, அத மட்டும் விட்டுச் சுத்தி அடிக்கச் சொன்னேன். பைத்தியக்காரி.

எஸ்தர் வந்த அன்னிக்கி நாகஜோதிய நல்ல சேலையக் கட்டச் சொன்னேன். குடிக்கக் கடையில கலரு சோடா வாங்கி வச்சேன். அந்தப் புள்ள அடுப்படிக்கு வந்து ஒரு கரண்டி உப்பு கேட்டு, அதுல ஒரு சொட்டு மருந்த விட்டா. உப்பு ஊதாவா மாறிப்போச்சு. நல்ல உப்புதானாம், அதுக்குத்தான் சோதனையாம். நாகஜோதி கையத் தட்டிச் சிரிச்சா. "இன்னொரு தடவ விடுங்கக்கா"ன்னு கேட்டா. அவ சிரிச்சு நான் பாத்தது அதுதான் கடேசி. உப்பப் பாத்துச் சிரிச்சா.

பெறகு ஒசரம் பாத்தா, எடை பாத்தா, விரல்ல குத்தி ரத்தம் எடுத்தா. சின்ன மிசினுல வச்சுப் பாத்துட்டு, "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு என்கிட்டச் சொன்னா. சீட்டும் எழுதிக் குடுத்தா. நல்லாக் கேட்டுக்க. ரத்தம் கம்மின்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. என் வழக்கு இங்கதான் இருக்கு.

எல்லாம் முடிஞ்சு கடேசியா அவளும் கேட்டா, இப்ப நீ கேட்டியே, அதே மாதிரி. "அம்மா, நான் இவங்ககூடக் கொஞ்சம் தனியாப் பேசணும்." நான் சொன்னேன், எனக்குத் தெரியாம அவளுக்கு என்ன இருக்கு, கேளு தாயின்னு. "இல்லம்மா, இது பொம்பளைங்க உடம்பு சம்பந்தப்பட்டது, ரூல்ஸ் அப்படி"ன்னா. நான் பொம்பள இல்லையா? சரின்னு முனீசுக்குப் போனப் போட்டேன். அவன், "அம்மா, நீ கூடவே உக்காரு, எந்திரிக்காத"ன்னுட்டான். புருசன்காரன் சொன்னா என்ன செய்ய?

உள்ள உக்காந்தா ரூல்சு இடிக்குது, வெளிய உக்காந்தா மகன் திட்டுவான். நான் ரெண்டுக்கும் நடுவுல நெலப்படியில உக்காந்து முருங்கக்கீர உருவினேன்.

உள்ள ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுற மாதிரி இருந்துச்சு. காதுல விழல. மொறம் எடுக்கிற மாதிரி எந்திரிச்சு உள்ள போனேன். நாகஜோதி தலையக் குனிஞ்சு தரையில விரலால கோடு போட்டுக்கிட்டு இருந்தா. எஸ்தர் என்னயப் பாத்ததும் சத்தமா, "குடிக்கிற தண்ணி எங்கேருந்து எடுக்குறீங்க?"ன்னு கேட்டா. நான்தான் பதில் சொன்னேன், வாசல்ல பைப்புன்னு. "காய்ச்சிக் குடிப்பீங்களா, வடிகட்டிக் குடிப்பீங்களா?"ன்னா. எல்லாம் நான்தான் சொன்னேன். எனக்கு ஒண்ணும் புரியல. காலையில வந்தவொடனே என்கிட்ட அதத்தான மொதல்ல கேட்டா? எழுதிக்கிட்டாளே?

பெறகு கலர ஒடச்சு எடுத்துக்கிட்டுப் போனேன். திரும்பவும் அதே கேள்வி. தண்ணி எங்கேருந்து வருது. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், ஏம்மா, உனக்கு ஞாபக மறதியான்னு. அவளும் சிரிச்சா. நாகஜோதி சிரிக்கல. கண்ணு செவந்து கெடந்துச்சு. விரல்ல குத்துன வலின்னு நெனச்சேன், சின்னப் புள்ளதான.

அன்னிக்கி எஸ்தர் அப்படியே போயிட்டா. மறுநா திரும்ப வந்து நிக்கா, ஒரு சின்னக் கேள்வி விட்டுப்போச்சுன்னு. நான் பக்கத்துலயே உக்காந்துட்டேன். ரேசன் கார்டக் காட்டுங்கம்மான்னா. அது அந்தச் சாமி படத்துக்குப் பின்னாலதான் இருக்கும், உக்காந்த வாக்குல கைய நீட்டி எடுத்துக் குடுத்துட்டேன். அவ அதத் தொறந்துகூடப் பாக்கல. என்னய எந்திரிக்க வைக்கத்தான் கேட்டிருக்கா. நாகஜோதிய அங்கன்வாடி வரைக்கும் கூட்டிட்டுப் போறேன், எடை மிசின் அங்க இருக்கு, இன்னொரு தடவ பாக்கணும்னா. நானும் செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பினேன். வழி பூராவும் அவ என்ன கேட்டான்னு நெனக்கிற? உங்க தெருவுல தண்ணி தினமும் வருமா, ஒருநாள் விட்டு ஒருநாளா?

தண்ணியப் பத்தித்தான் கேட்டா. ஒரு புள்ளயப் படிக்க வச்சு, சம்பளம் குடுத்து, பஸ்ஸு ஏத்தி அனுப்பி, இதக் கேக்கத்தான் சர்க்காரு அனுப்புதா?

போகும்போது எஸ்தர் நாகஜோதி கையப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா. பெறகு என்கிட்ட வந்து, "அம்மா, நீங்க நல்லவங்களாத் தெரியிறீங்க. இவங்களப் பாத்துக்கங்க"ன்னா. ரத்தம் கம்மியா இருக்கிறதத்தான் சொல்லுறான்னு மறுநாளே ஆட்டு ஈரலு வாங்கிச் சமைச்சுக் குடுத்தேன். பேரீச்சம்பழம் வாங்கி வச்சேன். முருங்கக்கீர, சுண்ட வத்தல், ஒண்ணு விடல. மாமியாக்காரி இதுக்கு மேல என்ன செய்யணும்?

என்ன கேக்குற? அந்தச் சீட்ட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோமான்னா? போயிருப்போம். முனீசுக்கு நேரம் கெடைக்கல. அவன் இல்லாம அவள வெளிய அனுப்ப முடியாது. நானும் ரெண்டு தடவ கேட்டுப் பாத்தேன். மூணாந்தடவ கேக்கல. அவனுக்குக் கோவம் வரும்.

கோவக்காரந்தான். நான் இல்லங்கல. அவுக அப்பா மாதிரி. பெத்தவரு கொணம் பிள்ளைக்கு வராம எங்க போகும்? இந்தா பாரு, இந்தப் பக்கம் மேல ஒரு பல்லு இல்ல. அவுக அப்பா ஒருநா கொழம்புல உப்பு இல்லன்னு செம்பத் தூக்கி எறிஞ்சாரு. அதுக்காக நான் யாருகிட்டயும் போயி நிக்கல. எங்கம்மாகிட்டச் சொன்னேன், "புருசன்தான"ன்னு சொல்லிட்டு வெத்தலயப் போட்டுக்கிட்டா. முனீசு அப்பச் சின்னப்பய, கதவு மூலையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். அழக்கூட இல்ல. பாத்துக்கிட்டே இருந்தான்.

நாகஜோதிக்கு எங்கயாவது வீங்கியிருந்தா மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுச் சூடு பண்ணி நான்தான் பத்துப் போட்டு விடுவேன். வலிக்காமப் போடுவேன். அவ என் மடியில தலைய வச்சுக்கிட்டு, "அத்தே, எங்கம்மாவுக்குச் சொல்லாதீக"ன்னுவா. நான் ஏன் சொல்லப் போறேன். அவ பேசாம இருந்தா அவனும் பேசாம இருப்பான்னு சொல்லிக் குடுப்பேன். எனக்குத் தெரிஞ்சதத்தான சொல்லிக் குடுக்க முடியும்?

அவள எனக்கு அம்புட்டுப் பிடிக்கும் தாயி. அத நீ எந்தப் பக்கத்துலயாவது எழுதிக்க.

ஐப்பசி மழை அது. விடாமப் பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வாசலெல்லாம் பாசி. நான் கோயிலுக்குப் போயிட்டுத் திரும்பி வாரேன், நாகஜோதி வாசப்படியில சுருண்டு கெடக்கா. முனீசு பக்கத்துல நிக்கான். "குடம் தூக்கும்போது வழுக்கி விழுந்துட்டாம்மா"ன்னான். அவன் வண்டியிலயே தூக்கிப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வயித்துக்குள்ள ரத்தம் கசியுதுன்னாக. டாக்டரம்மா சின்னப் பொண்ணு, அவ காதோரமாக் குனிஞ்சு, "எப்படிம்மா ஆச்சு? பயப்படாமச் சொல்லு"ன்னு கேட்டாக. நாகஜோதி கண்ணத் தொறந்து டாக்டரப் பாக்கல. என்னயப் பாத்தா.

நான் சொன்னேன், தண்ணிக் குடம் தூக்கப் போயி வழுக்கி விழுந்துட்டான்னு.

அவ தலைய ஆட்டினா. ஆமான்னுதான் ஆட்டினா. அதுக்கப்பறம் அவ யாருகிட்டயும் பேசல. விடியிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

ரத்தம் கம்மியா இருந்ததாலதான் மயக்கம் வந்து விழுந்திருக்கா. இல்லன்னா சின்ன வயசுப் புள்ள ஒரு வழுக்கலுக்குச் சாவாளா? உங்க எஸ்தருக்கு அது முன்னாலயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டு ஒரு சீட்ட எழுதிக் குடுத்துட்டு, தண்ணியப் பத்திக் கேட்டுட்டுப் போயிட்டா. கண்டுபிடிக்க மட்டும் வருவீக, காப்பாத்த ஒருத்தரும் வரமாட்டீக. எதுக்கு வர்றீக? இதத்தான் கேக்கணும்னு இத்தன வருசமா இருந்தேன்.

பெறகு ஒருநா டிவியில சொன்னாக, நாட்டுல இம்புட்டுப் பொம்பளைகளுக்கு ரத்தம் கம்மின்னு. நூத்துக்கு இத்தன பேருன்னாக. நான் சோத்துல கைய வச்சபடியே உக்காந்திருந்தேன். அந்த இத்தன பேருல எங்க நாகஜோதியும் ஒருத்தி. மண்ணுக்குள்ள போயி ரெண்டு வருசமாச்சு, அந்தக் கணக்குல இன்னும் உசுரோட இருக்கா.

துக்கத்துக்கு வந்த எடத்துல அவுக அம்மா, காரியாபட்டிக்காரி, மாரடிச்சுக்கிட்டு அழுகும்போதே என்னயப் பாத்துக் கேட்டா. "வாசல்ல பைப்பு இருக்கையில என் மக எந்தக் குடத்தத் தூக்கப் போனா?"ன்னு. பிணம் கெடக்கும்போது கேக்கிற கேள்வியா அது? பைப்பு இருந்தா குடத்தத் தூக்கக் கூடாதா? பைப்புல பிடிச்சு உள்ள கொண்டு வர வேண்டாமா?

என்னய ஏன் அப்படிப் பாக்குற? அன்னிக்கி மழை. வாசல்ல அண்டா ரொம்பி வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. குடம் எங்க கெடந்துச்சுன்னு நான் பாக்கல. பதட்டத்துல யாரு குடத்தப் பாத்தா? அடுப்படியில பலகை மேல இருந்த குடம், நான் திரும்பி வந்தப்பவும் அந்தப் பலகை மேலதான் இருந்துச்சு. யாராவது எடுத்து வச்சிருப்பாக.

பதினாறாம் நாளு காரியத்தன்னிக்கி எதித்த வீட்டு ராமுத்தாயி பக்கத்துல வந்து உக்காந்தா. பெறகு மெல்ல, "மதினி, அந்தச் சர்வே புள்ள எங்க வீட்டுல தண்ணியப் பத்தி ஒரே ஒரு தடவதான் கேட்டுச்சு"ன்னா. வேற என்ன கேட்டுச்சுன்னேன். "புருசன் கைய நீட்டுவாரா, மெதிப்பாரா, பயமுறுத்துவாரான்னு கேட்டுச்சு. ஆளு யாரும் வந்தா பேச்ச மாத்திருவேன், பயப்படாமச் சொல்லுங்கன்னு மொதல்லயே சொல்லிருச்சு. நான் எல்லாத்தயும் சொல்லிட்டு அழுதேன், மதினி. கல்யாணம் ஆன நாள்லருந்து என்கிட்ட அப்படி யாரும் கேட்டதே இல்ல"ன்னா.

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்திருச்சு. சர்க்காரு போயி ஊருல உள்ள புருசன் பொண்டாட்டி சண்டையவா கேக்கும்? ராமுத்தாயி எப்பவுமே ஒண்ண ஒம்பதாச் சொல்லுவா. அவ வீட்டுல போரு இல்ல, பைப்பு இல்ல, தெருக்கொழாயிதான். ஒரு தடவ கேட்டாப் போதும். எங்க வீட்டுல போரு, பைப்பு, அண்டான்னு எல்லாம் இருக்கு, அதான் நெறையாக் கேட்டிருக்கா. அப்படித்தான் அவகிட்டச் சொன்னேன். அன்னையிலருந்து ராமுத்தாயிகூட எனக்குச் சரியாப் பேச்சுவார்த்தை இல்ல.

வருசம் திரும்பறதுக்குள்ள இந்த வளர்மதியக் கட்டி வச்சோம். ஆம்பள எத்தன நாளைக்குத் தனியா இருப்பான். இவளும் நல்ல புள்ளதான். வந்த புதுசுல பாடுவா. சாமி பாட்டு, சினிமாப் பாட்டு, எல்லாம். இப்பப் புள்ளயத் தூங்க வைக்கக்கூடப் பாடுறதில்ல, சும்மா ஆட்டிவிட்டுக்கிட்டே நிக்கா.

சரி, என் வழக்க நான் சொல்லிட்டேன். மனசு கொஞ்சம் லேசாச்சு. நீ பாவம், வெயில்ல வந்த புள்ள, உன்னயப் போயிப் பிடிச்சு வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருக்கேன். ஏ வளர்மதி, வா, இந்தப் புள்ளகிட்ட உக்காரு. கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. நான் டீயப் போட்டு எடுத்துக்கிட்டு வாரேன். தூரமாப் போகல தாயி, இந்தா இந்த அடுப்படிதான். ஒரு கூப்பாடு தூரங்கூட இல்ல.

இந்தா, டீ. சீனி சரியா இருக்கான்னு பாரு.

ஏன் ரெண்டு பேரும் பேச்ச நிறுத்திட்டீக?

என்ன தாயி? என்ன கேட்ட?

குடிக்கிற தண்ணி எங்கிருந்து எடுக்குறீகன்னா?

அதத்தான் என்கிட்டக் கேட்டியேம்மா. வந்து உக்காந்ததும் கேட்டியே. வாசல்ல பைப்புன்னு சொன்னேன், நீயும் எழுதிக்கிட்டியே.

நீயுமா தாயி.

இந்தத் தம்ளரப் பிடி. சூடாக் கெடக்கு. வளர்மதி, நீ ஏன் தரையில கோடு போட்டுக்கிட்டு இருக்க? போடாத. அந்த விரல எடு. இங்க பாரு, என்னயப் பாக்காத. என்னய ஏன் பாக்குற? கேக்குறது அந்தப் புள்ளதான, அதப் பாரு.

அவளும் என்னயத்தான் பாத்தா, தாயி. ஆஸ்பத்திரியில.

இரு, போன் அடிக்குது. அவன்தான்.

அலோ. ஆமாய்யா. நாந்தான் அடிச்சேன். ஒண்ணுமில்லய்யா, கை பட்டுப் போயிருச்சு. இல்ல, யாரும் வரல. யாரு வரப்போறா. நானும் அவளும் புள்ளையுந்தான். அவ தொவச்சுக்கிட்டு இருக்கா. நீ எங்க வார? பாலத்துக்கிட்டயா? சரிய்யா. மெதுவா வா.

வந்துக்கிட்டு இருக்கான்.

வளர்மதி, அந்தத் துண்ட எடுத்துரு. வேர்த்துக் கொட்டுது. எடுத்துரு சாமி, இந்தப் புள்ள பாக்கட்டும். நான் திரும்பிக்கிறேன்.

தொட்டில்லருந்து புள்ளயக் குடு. நான் தூக்கிக்கிட்டுத் தெருமொனையில போயி நிக்கேன். அவன் வண்டி திரும்பும்போதே மறிச்சு, புள்ளைக்கு வயிறு சரியில்ல, டாக்டர்கிட்டப் போடான்னு ஏறி உக்காந்துக்கிடுவேன். நான் ஏறிட்டா அவன் போய்த்தான் ஆகணும். திரும்பி வர நேரமாகும். பத்தாட்டி எதித்த வீட்டுல ராமுத்தாயி இருக்கா, ரெண்டு பேரும் அங்க போயிருங்க. நான் அனுப்பினேன்னு சொல்லு. சீனியம்மா அனுப்பினான்னு சொல்லு, கதவத் தொறப்பா.

கதவச் சாத்திக்கிட்டு நீ கேக்க வந்ததக் கேளு, தாயி. அவ சொல்லுவா. கொஞ்சம் பொறுத்துக் கேட்டா சொல்லுவா. தண்ணியப் பத்திக் கேக்க வேண்டாம். அது வாசல்லயே வருது.